அன்று மணி அடித்ததா

வளப்பூர் நாடு
12 அக்டோபர் 2023

சங்கைக்குரிய ஃபாதர் சூசைநாதன் அவர்களுக்கு ரெஜினா எழுதிக்கொள்வது. தோத்திரம் ஃபாதர்.

முதலில் சண்டைதான். மே மாதம், "கீழே ஒரு வேலை, சீக்கிரம் வந்துவிடுவேன்" என்று பஸ் ஏறினீர்கள். அதற்குப் பிறகு மிளகு பூத்து, காய் பிடித்து, இப்போது கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது. உங்களைத்தான் காணவில்லை. போன் போட்டால் அணைத்து வைத்திருப்பதாகவே சொல்கிறது. "ஆடு காணாமப் போனா மேய்ப்பரு தேடுவாருன்னு பிரசங்கம் வெச்சாரு. இங்க ஆடெல்லாம் பட்டியிலயே இருக்குது, மேய்ப்பரத்தான் காணோம்" என்று சின்னுசாமி அண்ணன் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

கீழ்ப் பங்குக் கோவிலில் பெரிய ஃபாதருக்குச் சமைத்துப் போட்ட அர்த்தனாரி அண்ணனைப் போன வாரம் பேளுக்குறிச்சி சந்தையில் பார்த்தேன். கெஞ்சிக் கூத்தாடி உங்கள் அக்கா வீட்டு முகவரியை வாங்கினேன். கொடுக்கும்போது அவர் முகம் சரியில்லை. "எழுதறதுன்னா எழுது கண்ணு. பதில் வரும்னு மட்டும் எதிர்பாக்காத" என்றார். ஏன் அப்படிச் சொன்னார்? உங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லையே?

இங்கே கோகிலா ஒன்றாம் வகுப்புக்குப் போகிறாள். யுவராஜ் நடக்கிறான். நடப்பதாவது, ஓடுகிறான். நீங்கள் தலையில் தண்ணீர் ஊற்றியபோது ஊரே அதிர அழுதானே, அந்தக் குரல் இன்னும் அப்படியே இருக்கிறது. கோவில் ஓடு ஒழுகுகிறது. கீழ்ப் பங்குக்குப் புது ஃபாதர் வந்திருக்கிறாராம், மலைக்கு இன்னும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாங்களே கூடிச் செபமாலை சொல்லிவிட்டுக் கலைகிறோம்.

எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். நவம்பர் ஒன்பதாம் தேதி என் வீட்டுக்காரர் போய் முதல் வருஷம். உங்களுக்குத் தெரியாததில்லை, ஆனாலும் எழுதினால் கொஞ்சம் மனம் ஆறுகிறது. மழைக்காற்றில் முறிந்து மிளகுக் கொடியின் மேல் தொங்கிய சில்வர் ஓக் கிளையை வெட்ட ஏறினார். ஏறத் தெரியாதவரா? விழுந்தார். ரோடு சரிந்து கிடந்தது. கீழே கொண்டுபோக வழியில்லாமல் கட்டிலில் போட்டுவிட்டு முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை. செம்மேட்டிலிருந்து நர்ஸ் நடந்தே வந்து ஊசி போட்டார். இவர் கேட்டது ஒன்றுதான். "ஃபாதரக் கூப்புடு ரெஜி, நன்மை வாங்கோணும்." ரோடு சரிந்ததால் கீழே போக முடியாமல் கோவிலிலேயே தங்கியிருந்த நீங்கள் நனைந்துகொண்டே வந்தீர்கள். நாக்கில் அப்பத்தை வைத்து நன்மை கொடுத்தீர்கள். விடிவதற்குள் போய்விட்டார்.

ஃபாதர், உங்களுக்கு நினைவிருக்கும். நன்மை வாங்கினால் பல் படக் கூடாது, தானாகக் கரைய வேண்டும் என்று, கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்கியபோது பெரிய ஃபாதர் சொல்லிக்கொடுத்ததை அப்படியே பிடித்துக்கொண்டவர் இவர். கோவிலிலிருந்து வீட்டுக்கு வரும் வரை வாயைத் திறக்க மாட்டார். எதிரே வருகிறவர்கள், "என்ன மாப்ள, பொண்டாட்டி வாயத் தெச்சு உட்டுட்டாளா?" என்று வம்புக்கு இழுத்தாலும் கையை மட்டும் ஆட்டிவிட்டு நடப்பார். சின்ன வயதிலிருந்து நன்மை வாங்குகிற எனக்கு அந்த மரியாதை வந்ததில்லை.

அந்தக் கடைசி நன்மையைக் கொடுத்தது உங்கள் கை. முதல் வருஷப் பூசையையும் நீங்கள்தான் வைக்க வேண்டும். அத்தை இன்னும் எட்டுக்கை அம்மனைத்தான் கும்பிடுகிறார், தெரியுமல்லவா? அவரே, "அந்தச் சாமியாரையே வரச் சொல்லு. எம்மகன் மூஞ்சி தெரிஞ்ச ஆளு" என்கிறார். வருவீர்கள்தானே?

உங்கள் ஆசீரை எதிர்பார்க்கும்,
ரெஜினா தமிழ்செல்வன்


ஓமலூர்
23 அக்டோபர் 2023

சகோதரி ரெஜினாவுக்கு,

கடிதம் வந்தது. திரும்பத் திரும்பப் படித்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. அக்கா வீட்டில் இருக்கிறேன். மாமாவின் ஹாலோ பிளாக் பட்டறையில் கூடமாட நிற்கிறேன். கையெல்லாம் சிமெண்டு.

தமிழ்செல்வனின் பூசைக்கு என்னால் வர முடியாது. புதுப் பங்குத்தந்தையைக் கேளுங்கள், அவர் வைப்பதுதான் சரி. தட்டிக் கழிக்கிறேன் என்று நினைக்காதீர்கள். அவர் வைக்க வேண்டும் என்று நான் உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.

இனி எனக்கு எழுதினால் 'ஃபாதர்' என்று போட வேண்டாம். ஏன் என்பது சீக்கிரம் உங்களுக்குத் தெரியவரும். நானே முதலில் சொல்லியிருக்க வேண்டியது. இப்போதுகூடப் பேனா அந்த இடத்தில் நின்றுவிடுகிறது.

பிள்ளைகளுக்கு என் அன்பு. கோகிலா எழுத்துக் கூட்டிப் படிக்கிறாளா?

சூசைநாதன்


வளப்பூர் நாடு
5 நவம்பர் 2023

என்ன போட்டுத் தொடங்குவது என்று தெரியவில்லை. வெறுமனே தொடங்குகிறேன்.

கல்லறைத் திருநாளுக்குப் புது ஃபாதர் மேலே வந்தார். கல்லறைகளை மந்திரித்து முடித்ததும் எல்லோரையும் கோவிலுக்குள் உட்காரச் சொன்னார். ஆயர் இல்லத்திலிருந்து வந்தது என்று ஒரு தாளைப் படித்தார். நீங்கள் குரு இல்லையாம். குருப்பட்டத்துக்கு ஒரு படி கீழே, டீக்கன் மட்டும்தானாம். பட்டம் வாங்காமலே இங்கே பூசை வைத்தீர்களாம். அந்தப் பூசைகள் பூசையே இல்லையாம்.

முதலில் ஒருவருக்கும் புரியவில்லை. ருக்குமணி அக்காதான் எழுந்து, "அந்தப் பையன் நல்ல பையனுங்களே சாமி. ஒரு டீத்தண்ணிகூட ஓசியில குடிக்க மாட்டானுங்களே" என்றது. அதற்கு ஃபாதர் பொறுமையாகத்தான் சொன்னார். நல்லவரா கெட்டவரா என்பதில்லை. தப்புத்தண்டா செய்கிற சாமியாராக இருந்தாலும், முறையாகப் பட்டம் வாங்கியவர் என்றால் அவர் சொல்லும்போது அப்பம் ஆண்டவருடைய உடலாகும். பட்டம் இல்லாதவர் அதே வார்த்தையை எவ்வளவு பக்தியோடு சொன்னாலும் அப்பம் அப்பமாகவே இருக்கும். ஆயர் தலையில் கை வைத்துக் கொடுத்தது இருக்க வேண்டும். அது இல்லையென்றால் இல்லை.

"அப்ப புள்ளைங்களுக்கு ஊத்துன தண்ணி?"

"அது செல்லும்மா. ஞானஸ்நானம் கொடுக்க டீக்கனுக்கு அதிகாரம் உண்டு. உயிருக்கு ஆபத்து என்றால் நீங்களே ஊற்றலாம், அதுவும் செல்லும்."

"தண்ணிக்கி ஆவுது, மாவுக்கு ஆவாதா?" என்றது ருக்குமணி அக்கா.

சின்னுசாமி அண்ணன் எழுந்தார். "சாமி, அப்ப நாங்க இத்தன மாசமா முட்டி போட்டது?"

"வேண்டுதல் வீண்போகாதுங்க."

"வேண்டுதல் போவாதுங்க. முட்டி போயிருச்சுங்க."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஃபாதர்கூடச் சிரித்தார். சிரித்து முடித்த பிறகுதான் ஒவ்வொருவராக அழ ஆரம்பித்தார்கள். போன பிப்ரவரியில் முதல் முறையாகப் புதுநன்மை வாங்கிய பிள்ளைகள் திரும்ப வாங்க வேண்டுமாம். "அந்தச் சட்டை இப்பப் பத்தாதே" என்று ஒரு பையன் அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.

நான் யுவராஜை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். இவனுக்கு ஊற்றிய தண்ணீர் செல்லும், இவன் தப்பித்தான் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். சுயநலம்தான். அடுத்த நிமிஷம் இவனுடைய அப்பா ஞாபகத்துக்கு வந்தார். நேராக வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இல்லை என்று ஒரு வரி எழுதுங்கள். அந்தத் தாளில் இருப்பது தப்பு, எங்கேயோ ஆள் மாறிப்போய்விட்டது என்று எழுதுங்கள். நம்புகிறேன்.

ரெஜினா


ஓமலூர்
19 நவம்பர் 2023

சகோதரி ரெஜினாவுக்கு,

தாளில் இருப்பது உண்மை.

என்னோடு படித்தவர்களுக்கெல்லாம் குருப்பட்டம் கொடுத்த அன்று நான் கொல்லிமலை பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு இன்னும் ஒரு வருஷம் பக்குவம் வேண்டும் என்று பெரியவர்கள் தள்ளி வைத்திருந்தார்கள். அவர்கள் நினைத்தது சரிதான் என்று பின்னால் நானே நிரூபித்துவிட்டேன். பெரிய ஃபாதருக்குக் கால் முடியாமல் போனதால் மேலே போய்வர ஒரு டீக்கன் தேவைப்பட்டார். அனுப்பினார்கள்.

முதல் ஞாயிறே சொன்னேன், "நான் ஃபாதர் இல்லைங்க, டீக்கன்." சின்னுசாமி, "சரிங்க டீக்கன் ஃபாதர்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அடுத்த வாரமும் சொல்லிப் பார்த்தேன். அதற்கப்புறம் திருத்தவில்லை. அப்படிக் கூப்பிடுவது எனக்குப் பிடித்திருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

பெரிய ஃபாதர் கீழே பூசை வைத்து, எழுந்தேற்றம் செய்து ஆண்டவருடைய உடலான அப்பங்களைச் சிமிழில் போட்டுக் கொடுத்தனுப்புவார். நான் மேலே வந்து வாசகம் படித்து, பிரசங்கம் வைத்து, அவற்றைக் கொடுப்பேன். அதற்கு எனக்கு அதிகாரம் இருந்தது. அவையெல்லாம் உண்மையான நன்மை, அவற்றில் ஒரு குறையும் இல்லை. இதை எல்லோருக்கும் சொல்லுங்கள்.

போன வருஷம் ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள் நீங்கள் பூசை மணியைக் கையில் வைத்துக்கொண்டு வந்தீர்கள். "ஃபாதர், மணி அடிக்கிற இடம் வரவே மாட்டேங்குதே, நான் எங்கியாச்சும் தூங்கிட்டனா?" என்றீர்கள். உங்கள் மேல்தான் தப்பு என்று நினைத்திருந்தீர்கள். உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கேட்க வேண்டியதைத்தான் கேட்டீர்கள். "அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் தூக்கிக் காட்டுகிற அந்த இடம் எனக்கு உரியதல்ல" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்றேன்.

அடுத்த வாரம் பெரிய ஃபாதர் படுத்துவிட்டார். சிமிழ் காலி. வெறுங்கையோடு பஸ்ஸில் வந்து இறங்கினேன். மழையில் ஓடை தாண்டி, பைல் நாட்டிலிருந்துகூட ஆட்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அலமாரியில் மந்திரிக்காத அப்பமும் ரசமும் இருந்தன. புத்தகத்தைத் திருப்பினேன். வார்த்தையைச் சொன்னேன். நீங்கள் மணி அடித்தீர்கள்.

அன்றிலிருந்து அப்படியே போயிற்று. கீழே யாராவது குரு வந்து பூசை வைத்து, சிமிழ் நிறைந்து வந்த நாளில் மணி இல்லை. சிமிழ் காலியான நாளில் மணி. இந்த வித்தியாசம் எனக்கு மட்டும்தான் தெரியும். யாருடைய பாவத்தையும் கேட்டு மன்னிப்பு மட்டும் கொடுக்கவில்லை, பாவசங்கீர்த்தனத்துக்குப் பெரிய ஃபாதர் வரட்டும் என்று சொல்லித் தப்பித்தேன். அந்த எல்லையிலாவது நின்றுவிட்டேன் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

மே மாதம் ஆயரிடம் நானே போய்ச் சொன்னேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை. இது பெருமைக்காக அல்ல.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை.

சூசைநாதன்


வளப்பூர் நாடு
8 டிசம்பர் 2023

சூசைநாதன் அண்ணாவுக்கு,

இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். ஒன்று முழுக்கத் திட்டு. இன்னொன்றில் என்ன இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. பிள்ளைகள் தூங்கின பிறகு எழுத உட்கார்ந்தால் கோபம் எழுத்தாக வர மறுக்கிறது, அழுகையாகத்தான் வருகிறது. அண்ணா என்று போட்டிருக்கிறேன். வேறு ஒன்றும் பொருந்தவில்லை.

முதல் வருஷப் பூசையைப் புது ஃபாதர் வந்து வைத்தார். மணி நான்தான் அடித்தேன். மூன்றாவது முறை சத்தமே வரவில்லை. முடிந்ததும் தனியாகப் போய்க் கேட்டேன், "எங்க ஊட்டுக்காரர் வாங்கினது என்ன ஃபாதர்?" அவர் நல்ல மனுஷன். "அவர் ஆசைப்பட்டாரேம்மா, அந்த ஆசை போதும். கடவுள் தன்னையே சடங்குக்குள் கட்டிப்போட்டுக்கொள்ளவில்லை" என்றார். ஆசை போதும் என்றால், பட்டமில்லாதவர் சொன்னால் ஆகாது என்று ஏன் ஊரையே அழ வைத்தீர்கள் என்று கேட்டேன். படித்த திமிர் என்று நினைத்திருப்பார். "ரெண்டுமே உண்மைதாம்மா" என்றார். பஸ் ஹாரன் அடித்தது, போய்விட்டார். இரண்டும் உண்மை என்பதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? ஒரு கையில் இதையும் ஒரு கையில் அதையும் பிடித்துக்கொண்டால் பிள்ளையை எந்தக் கையில் தூக்குவது?

அத்தையிடம் இதை மறைக்கத்தான் பார்த்தேன். ஊர் விடுமா? பம்பில் தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் யாரோ சொல்லிவிட்டார்கள். குடத்தை இறக்கிக்கூட வைக்கவில்லை. வாசலில் நின்றபடியே, "ஏம்மா, உங்க சாமி அன்னிக்கி வரவே இல்லியாமே?" என்றார்.

குடத்தை வாங்கப் போனேன், தரவில்லை.

"எட்டுக்கையாள உட்டுட்டு உங்கூட வந்தான். சரி, எங்கியோ ஒரு சாமிகிட்ட இருக்கான்னு இருந்தேன். கடசீல இவளும் இல்ல, அவரும் இல்ல. நடு ரோட்டுல உட்டுட்டீங்களே எம்மகன."

அண்ணா, இதற்கு என்ன பதில் சொல்வது? எனக்குத் தெரிந்த பதிலெல்லாம் நீங்கள் பிரசங்கத்தில் சொன்னவைதான்.

இன்னொன்று இருக்கிறது. இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, அத்தைக்கு மட்டும் தெரியும், பார்த்துவிட்டார். அன்று விடியற்காலை, குளிப்பாட்டுவதற்கு முன் வாயைத் துடைக்க அத்தை ஈரத் துணி எடுத்தார். நாக்கின் மேல் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது. பாதி கரைந்திருந்தது. கடைசி வரைக்கும் பல் படாமல் வைத்திருந்திருக்கிறார். விழுங்கத் தெம்பில்லாமல் போயிருக்கிறது. அத்தை துணியைக் கொண்டுபோனார். ஆண்டவரைத் துடைத்து எறியக் கூடாதே என்று அவர் கையைத் தட்டிவிட்டேன். விரலால் எடுத்து என் வாயில் போட்டுக்கொண்டேன். அருவருப்பே இல்லை. அந்த ஒரு வருஷமும் நான் உயிரோடு இருந்தது அதை நினைத்துத்தான். கடைசியில் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றையே வாங்கினோம் என்று.

இப்போது அத்தை கேட்கிறார், "செத்தவன் வாயிலருந்து எடுத்துத் தின்னியே. வெறும் மாவுங்கறாங்களே இப்ப?"

உங்களிடம் கேட்க ஒன்றே ஒன்றுதான். சிமிழ் நிறைந்திருந்த நாளில் மணி இல்லை, காலியான நாளில் மணி என்று எழுதியிருந்தீர்கள். அன்று எங்கள் வீட்டில், கட்டிலுக்குப் பக்கத்தில், மணி அடித்ததா? மணி எங்கள் அலமாரியில்தானே இருக்கும், அன்றும் இருந்தது. ஓட்டின் மேல் மழை. நான் அடுப்படியில் யுவராஜைப் போட்டுப் பால் கொடுத்துக்கொண்டு வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கூப்பிட்டபோது ஓடி வந்தேன். அதற்குள் இவர் நாக்கை நீட்டியிருந்தார். அதற்கு முன்னால் நடந்தது ஒன்றும் எனக்குத் தெரியாது. யோசித்து யோசித்து, மணிச் சத்தம் கேட்ட மாதிரியும் இருக்கிறது, கேட்காத மாதிரியும் இருக்கிறது. அத்தையைக் கேட்டால், "நான் எம்மகன் மூஞ்சியப் பாத்தனா, உங்க மணியப் பாத்தனா?" என்று எரிந்து விழுகிறார்.

அடித்ததா இல்லையா? அது மட்டும் போதும். வேறு எதற்கும் உங்களைக் கேட்க மாட்டேன்.

ரெஜினா


ஓமலூர்
20 டிசம்பர் 2023

அன்புள்ள ரெஜினாவுக்கு,

அடிக்கவில்லை.

ரோடு சரிவதற்கு முந்தின ஞாயிறு சிமிழ் நிறைய வந்திருந்தது. கொடுத்ததுபோக ஒன்று மிச்சம் இருந்தது. யாருக்காவது அவசரத்துக்கு ஆகும் என்று வைத்திருந்தேன். அதைத்தான் தமிழ்செல்வனுக்குக் கொடுத்தேன். கீழே ஒரு குரு முறையாக எழுந்தேற்றம் செய்தது. அவர் வாங்கியது ஆண்டவரைத்தான். நீங்கள் வாங்கியதும்.

உங்கள் அத்தையிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். மழைச் சத்தத்தில் எதையெதையோ கேட்ட மாதிரி இருக்கும், அதை நினைத்துக் குழம்ப வேண்டாம்.

கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகளுக்குப் புதுத்துணி எடுத்தீர்களா? பனி அதிகம் என்று கேள்விப்பட்டேன். யுவராஜுக்குக் காதை மூடிக் கட்டுங்கள்.

சூசைநாதன்


வளப்பூர் நாடு
21 ஜனவரி 2024

சூசைநாதன் அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வந்தது. பஸ் கண்டக்டர் கொண்டுவந்து கொடுத்தார். கல்லின் மேல் உட்கார்ந்து அங்கேயே பிரித்துப் படித்தேன். படித்துவிட்டு நான் சிரித்ததைப் பார்த்து, "என்னங்க, வேலை கெடச்சிருச்சா?" என்று அவர் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

நீங்கள் சொன்னபடி அத்தைக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு முறை படிக்கச் சொன்னார். சாயந்திரம் எனக்கு முன்னால் களியும் கீரையும் வைத்துவிட்டு, "தின்னு. எலும்பா நிக்கற" என்றார். அதற்கப்புறம் மாவு என்ற பேச்சை எடுக்கவே இல்லை. நல்ல கிறிஸ்துமஸ் அண்ணா. உங்களுக்காக வேண்டிக்கொண்டேன். இது சத்தியம்.

மிளகு பறிக்க ஆள் விட்டோம். நேற்று மத்தியானம் அத்தை வாசலில் சாக்கை விரித்து, கொத்திலிருந்து மிளகு உதிர்த்துக்கொண்டிருந்தார். ஞாயிறு பூசைக்குப் புது ஃபாதர் வருகிறார் என்று நான் பக்கத்தில் உட்கார்ந்து மணியைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கோகிலா வந்து மணியைப் பிடுங்கினாள். ஆட்டிப் பார்த்தாள்.

"அம்மா, அப்பாவுக்கு நாந்தான் மணி அடிச்சேன்."

"எப்ப கண்ணு?" என்றேன்.

"அப்பா கட்டல்ல படுத்திருந்தப்ப. சாமியாரு என்னைக் கூப்புட்டாரு. 'நான் தல ஆட்டுனா அடி'ன்னாரு. வெள்ளையா தூக்கிக் காட்டுனாரு, அடிச்சேன். டம்ளரத் தூக்குனாரு, அப்பவும் அடிச்சேன்."

அத்தை மிளகிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அது வேற நாளு சாமி. கோவில்ல அடிச்சதச் சொல்ற நீ" என்றார்.

"கோவில்ல இல்ல ஆயா, ஊட்டுலதான்."

"மழ கொட்டுச்சு. மணி எங்க கேட்டுது? சின்னப்புள்ளைக்கு என்ன நெனப்பு இருக்கும்? போ, போய் வெளையாடு."

அப்போதுதான் அண்ணா எனக்குப் புரிந்தது. அத்தைக்குத் தெரியும். அன்று அந்த அறையில்தானே இருந்தார். முதலிலிருந்தே தெரிந்துகொண்டுதான், உங்கள் கடிதத்தை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.

கோகிலா விடவில்லை. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "இல்ல ஆயா! நான் ரொம்ப வேகமா அடிச்சுட்டேன், கையிலருந்து உழுந்துருச்சு, கட்டலுக்கடியில உருண்டு போயிருச்சு. அப்பா சிரிச்சாரு. சிரிச்சாருல்ல? நீயும் பாத்தயில்ல?"

அத்தை கொத்தைக் கீழே வைத்தார்.

"ஆமா" என்றார். "சிரிச்சான்."

அவ்வளவுதான். எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். அதற்கப்புறம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

நீங்கள் ஏன் அப்படி எழுதினீர்கள் என்று எனக்குத் தெரியும். நான் கெஞ்சினேன். நீங்கள் கொடுத்தீர்கள். அன்று சிமிழைத் திறந்து காலியாக இருப்பதைப் பார்த்தபோதும் இப்படித்தான் ஆகியிருக்கும். கேட்கிறவர் முன்னால் உங்களால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. அத்தையும் அதையேதான் செய்தார், அவர்மேல் நான் கோபப்படவில்லையே.

ஆனால் அண்ணா, எனக்குக் கொஞ்ச நாள்தான் கிடைத்தது. கிறிஸ்துமஸிலிருந்து நேற்று மத்தியானம் வரைக்கும். இப்போது திரும்பவும் பழைய இடத்திலேயே நிற்கிறேன். இவர் கரையட்டும் என்று பல் படாமல் காத்தது எது? நான் வாயில் போட்டுக்கொண்டது எது? கேட்க இனி ஆள் இல்லை. நீங்கள் என்ன எழுதினாலும் நான் நம்ப மாட்டேன். உண்மையையே எழுதினாலும் நம்ப மாட்டேன். அதனால் இனி எழுத வேண்டாம். வெறுப்பில் சொல்லவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், சிமெண்டு தூசி நெஞ்சைக் கெடுக்கும், மூக்கை மூடிக் கட்டிக்கொண்டு வேலை செய்யுங்கள்.

இவர் கடைசியாகச் சிரித்தது எனக்குத் தெரியாமலே இருந்தது. நான் அடுப்படியில் இருந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு மணி அடிக்க ஒரு சின்னப் பிள்ளை வேண்டும் என்று புது ஃபாதர் சொல்லி அனுப்பியிருந்தார். கோகிலா நானே அடிப்பேன் என்று குதித்துக்கொண்டிருந்தாள். இன்று காலையில் கிளம்பும்போது பாவாடையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், "அம்மா, அன்னிக்கி நான் சரியாத்தான அடிச்சேன்?"

அத்தை வாசலைக் கூட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"நல்லா அடிச்ச கண்ணு" என்றேன்.

ரெஜினா